கீழ்த்தட்டுக் கோப்பைகள்

செப்டம்பர் 2, திங்கள்

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுத ஒரே காரணம் டெரல்தான். உடை மாற்றும் அறையில் அவனுடைய அலுமாரியும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணில் படும் எதையும் எடுத்து வாசித்துவிடுவான். போன மாதம் என் பல் மருத்துவர் அனுப்பிய அட்டையை எல்லோருக்கும் கேட்கும்படி ராகம் போட்டு வாசித்தான். தமிழைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆதிரை வளர்ந்து தமிழ் படித்தால் அவள் வாசிக்கட்டும். இப்போது அவளுக்கு ஏழு மாதம். கொப்பியைக் கடிக்க மட்டும்தான் தெரியும்.

மகளே, உன் அப்பா சஸ்காட்டூன் கிரேன்ஸ் அணியின் மூன்றாவது குவாட்டர்பேக். பெயர் குகரூபன்; இங்கே எல்லோருக்கும் 'குக்'. கனடா ஃபுட்போலில் குவாட்டர்பேக் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்கிற ஆள். முதலாமவன் டெரல், டெக்சஸ்காரன். அவனுக்கு அடிபட்டால் இரண்டாமவன் ப்ரைஸ். இரண்டு பேருக்கும் அடிபட்டால் நான். கேட்பதற்கு வெட்டி உத்தியோகம் மாதிரி இருக்கும். அப்படியில்லை. எங்கள் ஆட்டத்தில் பத்து யார்டு முன்னேற மூன்று வாய்ப்புத்தான் தருவார்கள். மூன்றாவது வாய்ப்பில் ஒரே ஒரு யார்டு மிச்சமிருந்தால் என்னை உள்ளே அனுப்புவார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் தடியன்களுக்கு நடுவே தலையைக் கொடுத்து விழ வேண்டும். விழுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். மற்ற வேலை, எங்கள் உதைகாரன் மத்தியூ கோலுக்கு உதைக்கும்போது பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடிப்பது.

இது எனக்குப் பதினோராவது பருவம். ஒப்பந்தம் இதோடு முடிகிறது. முதல் நிமிடத்திலிருந்து நானே நின்று ஆடிய ஆட்டங்கள் சில உண்டு. வென்றது ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்று வென்றுவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

தோள் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

கெல்வின் மிகவும் மரியாதையான மனிதர். அணியிலிருந்து யாரை வெளியே விட முடிவெடுத்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். வந்து வலத் தோளில் மெதுவாகக் கை வைத்து, கோச் பார்க்க வேண்டுமாம், டாப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வா என்பார். ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டாப்லெட்டில்தான் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதனால் கெல்வின் நடைபாதையில் தென்பட்டால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குளிக்கத் தோன்றும்.

இன்று வந்தார். நானும் குளிக்கப் போனேன், காலையிலிருந்து இரண்டாம் தடவையாக. பிறகு பார்த்தால், எரியாத மின்குமிழ் ஒன்றை மாற்ற உயரமான ஆள் தேடி வந்தாராம்.

செப்டம்பர் 11, புதன்

அரிசி மூட்டையை இடக்கையால் தூக்கி வந்தேன். இடக்கைக்கும் பயிற்சி வேண்டும்தானே.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மா ஸ்காபரோவிலிருந்து வந்துவிட்டார். என் மனைவி வாரணி மருந்தகத்தில் வேலைக்குத் திரும்புகிறாள். ஆதிரையைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மா கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பு, இரண்டு பெட்டி மிளகாய்த்தூளும் கருவாடும். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இடக்கையால் காரில் ஏற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்.

"என்ன தம்பி, கை வாய்க்கு வாறேல்லை, வாயெல்லோ கைக்குப் போகுது?"

பசி அம்மா என்றேன். வாரணி ஆதிரைக்குச் சோறு ஊட்டுவதில் மும்முரமாக இருந்தாள். அந்த மும்முரம் கொஞ்சம் கூடுதல்.

செப்டம்பர் 19, வியாழன்

வாரணி குசினியின் சுவர் அலுமாரியை மாற்றி அடுக்கியிருக்கிறாள். தேத்தண்ணிக் கோப்பைகள், சீனிப் போத்தல், என் கோப்பித்தூள் எல்லாம் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டன. மேல்தட்டில் யாருக்கும் தேவைப்படாத கேக் தட்டுகள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு இப்பிடித்தான் வசதி" என்றாள்.

ஏழு வருடமாக இல்லாத வசதி இப்போது எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. குசினி அவளுடைய இராச்சியம். நான் தலையிடவில்லை. கோப்பையை எடுப்பது சுகமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் வேறு இரண்டு அணிகளின் ஆட்டம் பார்த்தேன். பதினோரு வருடமாக மகன் ஆடுகிறான், இன்றுதான் சட்டம் கேட்கிறார். ஒருவன் கோலுக்கு உதைத்தான். கம்பங்களுக்கு வெளியே போய்விட்டது. ஆனாலும் அவனுடைய அணிக்கு ஒரு புள்ளி ஏறியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கம்பங்களுக்குப் பின்னால் எதிரணியின் கோல் பகுதி இருக்கிறது என்று விளக்கினேன். உதைத்த பந்து அதற்குள் விழுந்து, எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனாலும், பந்து அந்தப் பகுதியின் பின்கோட்டைத் தாண்டி உருண்டுவிட்டாலும் உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி. அதனால் உள்ளே மாட்டிக்கொள்கிறவன் சில வேளை பந்தைத் தானே வெளியே உதைத்துவிடுவான். அம்மாவுக்குச் சட்டம் பிடித்துப்போனது. தவறினவனுக்கும் கொஞ்சம் கொடுக்கிறார்கள், நல்ல மனிசர் என்றார்.

பிறகு பழைய பல்லவிக்கு வந்தார். உதைக்கத் தெரிந்த பிள்ளை ஏன் எறியப் போனது?

அம்மாவின் வாதம் மிகவும் எளிமையானது. உதைக்கிறவனை யாரும் விழுத்துவதில்லை. மத்தியூவின் உடுப்பைப் பார், பால் மாதிரி வெள்ளை, உன்னுடையதை மூன்று தரம் தோய்க்க வேண்டியிருக்கிறது என்றார்.

காரணம் அம்மாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் நெல்லியடியிலிருந்து வந்து ஸ்காபரோப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, ஊரில் உருண்டைப் பந்து உதைத்த காலால் இந்த முட்டைப் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினேன். பயிற்சியாளர் ஓடிவந்து, நீ உதைகாரன், உங்கள் ஆட்களுக்குக் கால்தான் பலம், எறிவதற்கெல்லாம் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பொடியன்கள் சிரித்தார்கள். வேலியோரம் அப்பா டாக்சியை நிறுத்திவிட்டு என்னை ஏற்றக் காத்திருந்தார். காரில் ஏறி நடந்ததைச் சொன்னேன். உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். எறிய விருப்பம் என்றேன்.

"அப்ப எறி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஆட்டத்தில் ஒரு பந்தையும் காலால் தொட்டதில்லை. அதை ஒரு வீம்பாகவே வைத்திருக்கிறேன். அப்பா நான் முதன்முதலாக நின்று ஆடிய ஆட்டத்துக்கு வந்தார். தோற்றோம். அடுத்ததுக்கும் வந்தார். அதுவும் தோற்றோம். அவர் போய் ஆறு வருடமாகிறது. ஒரு வெற்றியையாவது காட்டியிருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று மூன்றாவது வாய்ப்பு, ஒரு யார்டு. விழுந்தேன். ஒன்றரை யார்டு கிடைத்தது. இடப்பக்கமாக விழுந்தேன், அதுதான் என் பாணி. டெரல் அதைப் புதுப் பாணி என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஆட்டம் தோல்வி.

அக்டோபர் 6, ஞாயிறு

ப்ரைஸ் தன் நாயின் கூண்டுக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். எலும்பு முறிவு. இத்தனை மிருகங்களோடு மோதியும் விழாத ஆளை ஒரு கதவு வீழ்த்திவிட்டது. இப்போது நான் இரண்டாவது.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டெரலின் முழங்கால் பிரண்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, அடுத்த பருவத்துக்குள் சரியாகிவிடுமாம். நேற்றும் தோற்றோம், அதோடு இறுதிச் சுற்றுக்குப் போகும் கடைசி வழியும் அடைபட்டது. இனி ஒரு வார ஓய்வு. அதற்கடுத்த சனிக்கிழமை ஹாலிஃபாக்ஸ் அணியோடு எங்கள் மைதானத்தில் பருவத்தின் கடைசி ஆட்டம். அவர்களும் வெளியேறிவிட்டார்கள். யார் வென்றாலும் உலகம் அசையாது.

ஒகையோவிலிருந்து ஒரு பொடியனைப் பிடித்து வருகிறார்கள். மைதானத்தின் வாசல் எது என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு வாரம் வேண்டும்.

டெரலுக்கு அடிபட்டதில் நான் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்படவில்லை.

அம்மா அவனுக்கு மீன் குழம்பு கொடுத்துவிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டானாம். உறைப்புத் தாங்காமல்.

அக்டோபர் 21, திங்கள்

கோச் பர்க் கூப்பிட்டார். கெல்வினை அனுப்பவில்லை, தானே கூப்பிட்டார். டாப்லெட் பற்றிப் பேச்சில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

சனிக்கிழமை நீதான் தொடங்குகிறாய் என்றார். பிறகு, தோள் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நல்லது என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த ஆட்டத் திட்டத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக் கசக்கிக் கூடைக்குள் போட்டார். நீளமான எறிதல்களுக்கான பக்கம் அது. காற்றுக் காலத்தில் அதெல்லாம் சரிவராது என்றார். பழைய காலத்து மனிதர், அவருக்குக் குட்டிக் குட்டி எறிதல்தான் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வாரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். இடப்பக்கமாக நின்று கட்டிப்பிடித்தாள். அம்மா, தலைக்கவசத்தை இறுக்கமாகப் போடு என்றார்.

அக்டோபர் 23, புதன்

இந்த வாரம் எங்கள் அணியில் எல்லோருக்கும் சோம்பல் பிடித்துவிட்டது. நான் எறியும் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வழக்கமாக இருபது, முப்பது யார்டு பறப்பார்கள். இப்போது ஏழு யார்டு ஓடியதும் திரும்பி நின்று கையை நீட்டுகிறார்கள். லெவி எங்கள் அணியிலேயே வேகமான ஆள்; அவன்கூட இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். ஏனடா என்று கேட்டால் குதிகால் நோகிறது என்கிறான். பயிற்சி முடிந்ததும் அதே குதிகாலோடு கார்வரை ஓடினான்.

கடைசி ஆட்டம், யாருக்கு அக்கறை என்று நினைக்கிறார்கள்போல. எனக்கு இருக்கிறது. ஆளுக்கு ஆள் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் பவ்வியமாகத் தலையாட்டினார்கள்.

மத்தியூ மட்டும் பயிற்சி முடிந்து பந்துகளைப் பொறுக்கும்போது பக்கத்தில் வந்து, நீ சின்ன வயதில் நன்றாக உதைப்பாயாமே என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். உன் அம்மா என்றான். அம்மாவுக்கும் அவனுக்கும் பொதுமொழி என்று சொல்ல இருபது சொல் இருக்குமா தெரியவில்லை. அதற்குள் என் வரலாற்றையே சொல்லி முடித்துவிட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று அம்மா என் சாப்பாட்டுப் பீங்கானைக் கவிழ்த்து வைத்த சட்டியொன்றின் மேல் வைத்துத் தந்தார். வாய்க்கு நேரே வந்துவிட்டது. மேசை உயரம் காணாது, பதிவாக இருக்குது தம்பி என்றார். இதே மேசையில் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறோம்.

நாளைக்குப் பயமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் திரிகிறேன். நாளையும் தோற்றால் இனித் திருத்த இடமில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு. தீபாவளி

காலையில் எழுதுகிறேன். மற்றவர்கள் எழும்ப முதல் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காற்று ஆளைத் தூக்கியது. வந்திருந்த சனம் போர்வைக்குள் இருந்து மூக்கை மட்டும் காட்டியது. அம்மா இரண்டு குளிர்ச்சட்டை, வாரணியின் தொப்பி, அதற்கு மேல் தன் சால்வை என்று ஒரு பொதியாக உட்கார்ந்திருந்தார். ஆதிரை அந்தப் பொதிக்குள் எங்கேயோ.

நான் எறிந்தேன். எல்லாம் குட்டி எறிதல்கள். லெவி ஏழு யார்டில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை ஓடியே முடித்தான். குதிகாலுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாய்ப்பு, ஒரு யார்டு என்று வந்தபோதெல்லாம் நானே விழுந்தேன். முதலில் அவர்கள் முன்னுக்கு நின்றார்கள். பிறகு நாங்கள். கடைசி நிமிடத்தில் பதினேழுக்குப் பதினேழு.

கோலுக்கு உதைக்கும் தூரம்வரை கொண்டுவந்துவிட்டேன். சில விநாடிகள்தான் மிச்சம். மத்தியூ வந்தான். நான் முழங்காலிட்டுப் பந்தை நிறுத்திப் பிடித்தேன். நல்ல உதை. காற்றுத்தான் துரோகம் செய்தது. பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போய் அவர்களுடைய கோல் பகுதிக்குள் விழுந்தது. மத்தியூ தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நேரம் முடிந்துவிட்டது. ஆனால் பந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆட்டம் முடியாது. அவர்களுடைய ஆள் பந்தை எடுத்தான். எங்கள் ஆட்கள் பாய்ந்து போனார்கள். உள்ளே பிடிபட்டால் எங்களுக்கு ஒரு புள்ளி; அவனுக்கும் அது தெரியும். ஒரே உதையாகப் பந்தை வெளியே உதைத்தான். எல்லோருடைய தலைக்கும் மேலால் அது பறந்து வந்தது. எங்கள் பக்கத்தில் மிஞ்சி நின்றது நான் ஒருவன்.

எங்கள் சட்டத்தில், உதைத்த பந்தைப் பிடிக்க நிற்கிறவனை எதிரணியினர் நெருங்கக் கூடாது. அவன் பந்தைத் தொடும்வரை ஐந்து யார்டு தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றார்கள். பந்து உயரத்திலிருந்து இறங்கியது. அதைப் பிடிக்க இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வலக்கை வரவில்லை. ஜூலை மாதத்திலிருந்தே அது தலைக்கு மேல் வருவதில்லை. இதை இங்கே இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். நெஞ்சைக் கொடுத்தேன். நெல்லியடி வெளியில் உருண்டைப் பந்துக்குக் கொடுப்பதுபோல மூச்சை விட்டு நெஞ்சைத் தளர்த்திக் கொடுத்தேன். பந்து தட்டி, இடுப்பளவில் என் இரண்டு கைக்குள்ளும் விழுந்தது. அத்தனை பேரும் பாய்ந்தார்கள். எறிய முடியாது, அந்த இடத்தில் சட்டமும் விடாது, தோளும் விடாது. ஓடினால் நாலு எட்டில் பிடித்துவிடுவார்கள்.

காலைப் போட்டேன்.

பந்தில் கால் படும் அந்தச் சத்தத்தை இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டேன். அதற்குள் யாரோ என்னை மல்லாக்க விழுத்திவிட்டார்கள், நான் பார்த்தது வானத்தை மட்டும்தான். பிறகு சனத்தின் சத்தம் வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். பந்து அவர்களுடைய கோல் பகுதிக்குள் விழுந்து, முட்டைப் பந்துக்கே உரிய கோணல் துள்ளலோடு ஒருவனுடைய காலுக்கு இடையால் நழுவி, பின்கோட்டைத் தாண்டி உருண்டது. நடுவர் ஒரு விரலை உயர்த்தினார். பதினெட்டுக்குப் பதினேழு.

நாற்பது பேர் வந்து என் மேல் விழுந்தார்கள். டெரல் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்து விழுந்தான். தலையில் தட்டினார்கள், வயிற்றில் குத்தினார்கள், இடக்கையைப் பிடித்து இழுத்தார்கள். லெவி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அத்தனை பேர், அத்தனை பாரம். என் வலத் தோளில் ஒருத்தனுடைய விரல்கூடப் படவில்லை.

அங்கே படுத்திருந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஏழு யார்டு. கசக்கி எறிந்த பக்கம். கோப்பைகள். சட்டி. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைக்கவசம் இருந்தபடியால் தப்பினேன்.

இவ்வளவும் எழுதி முடிக்க அம்மா எழும்பிவிட்டார். தீபாவளிக்கு எண்ணெய் வைத்து முழுக வேண்டும், வந்து கதிரையில் இரு என்றார். நானே வைக்கிறேன் என்று வழக்கம்போல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் போய் இருந்தேன். என் கை என் தலைக்கு எட்டாது. அம்மாவின் கை எட்டும்.

எண்ணெய் தேய்க்கும்போது கேட்டேன், நான் காலால் அடித்ததை அப்பா பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பாரா என்று. அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"உனக்கு எறிய விருப்பம் எண்டபடியால் அந்த மனுசன் எறியச் சொன்னது. காலால அடிக்காதை எண்டு எப்ப சொன்னவர்?"

உண்மைதான். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. இத்தனை வருடமும் அதை நானாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, எண்ணெய் கண்ணுக்குள் போனது.

கொஞ்சம் பொறுத்து அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இனி உன்னை ஒருத்தரும் விழுத்தமாட்டினம்தானே?"

"இல்லையம்மா" என்றேன். "முடிஞ்சுது."

அம்மா உச்சியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

அக்டோபர் 28, திங்கள்

டாப்லெட்டை எடுத்துக்கொண்டு நானே கெல்வினின் அறைக்குப் போனேன். அவர் திடுக்கிட்டுப்போனார். உன்னை நான் கூப்பிடவில்லையே என்றார். தெரியும் என்று சொல்லி மேசையில் வைத்தேன். இவ்வளவு காலத்தில் யாரும் தானாகக் கொண்டுவந்து தந்ததில்லையாம். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து வந்து வாசல்வரை கூட நடந்தார். வழக்கம்போலத் தோளில் கை வைத்தார். இடத் தோளில்.

கோச் சனிக்கிழமை ஆடிய பந்தைத் தந்தார். அதில் எங்கள் பெயர்களையும் புள்ளிகளையும் வெள்ளை மையால் எழுதியிருந்தார்கள். 'வென்ற குவாட்டர்பேக்' என்று என் பெயர். டெரல் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி ராகம் போட்டு வாசித்தான். திரும்பவும் வாசிக்கச் சொன்னேன்.

நவம்பர் 9, சனி

தோள் நன்றாக இல்லை. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டா எறிந்தாய் என்று கேட்டார். ஏழு யார்டுதான் என்றேன். டிசம்பரில் சத்திரசிகிச்சை. அதன்பிறகு ஆறு மாதம் பயிற்சி செய்தால் கை தலைக்கு மேல் வருமாம். ஆதிரையை உயரத் தூக்கலாமா என்று கேட்டேன். தூக்கலாம் என்றார். எனக்கு அது போதும்.

மத்தியூவும் டெரலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். டெரல் இந்த முறை உறைப்பில்லாத குழம்பு கேட்டு, பிறகு உறைப்பான குழம்பையும் வாங்கி, பிறகு அழுதான். வானொலியில் ஆட்டங்களை வர்ணிக்க ஆள் தேடுகிறார்களாம், என் பெயரைச் சொல்லியிருக்கிறானாம். ஓயாமல் பேசும் வேலைக்கு நீயல்லவா பொருத்தம் என்றேன். எனக்கு இன்னும் எறியத் தெரியும் என்றான். அம்மா ஆதிரைக்கு அந்தப் பந்தைக் கொடுத்திருந்தார். அவள் 'வென்ற குவாட்டர்பேக்' என்ற இடத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் வாரணி கோப்பைகளைக் கழுவித் தர, நான் துடைத்தேன். அலுமாரியைத் திறந்தேன்.

"வாரணி, இது கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும். ஆறு மாசம் செல்லும்" என்றேன்.

முதன்முதலாக அதைப் பற்றி வாய் திறந்து பேசினேன். அவள் கையில் சவர்க்கார நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பரவாயில்லை" என்றாள். "எனக்கும் இப்பிடித்தான் வசதி."